கூற்று

மெட்டாலிகாவின் இரண்டாவது ஆல்பம் 'ரைட் த லைட்னிங்' 1984 ஜூலையில் வந்தது. அதைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் வேகத்தைப் பேசுவார்கள். முதல் ஆல்பம் வந்து ஒரே வருடத்தில் இவ்வளவு தூரம் எப்படி வந்தார்கள் என்று வியப்பார்கள். மெட்டல் ரசிகனை அக்கூஸ்டிக் கிட்டாரோடு உட்காரவைத்த துரோகத்தைப் பற்றி அன்றைக்கு நடந்த சண்டையையும் சொல்வார்கள். எல்லாம் நியாயமான பேச்சுதான். எனக்கு அந்த ஆல்பத்தில் உறுத்துவது இலக்கணம்.

எட்டு டிராக். ஒன்றில் சொற்களே இல்லை. மீதி ஏழில் ஒன்றைத் தவிர எல்லாவற்றிலும் சாவு, அல்லது சாவின் வாசல். அணுகுண்டு, மின்சார நாற்காலி, குன்றின் மேல் மாட்டிக்கொண்ட சிப்பாய்கள், தற்கொலை எண்ணம், உயிரோடு பனியில் உறைந்துபோனவன், எகிப்தின் தலைப்பிள்ளைகள். எழுதிய நால்வருக்கும் அப்போது வயது இருபதிலிருந்து இருபத்திரண்டுக்குள். அந்த வயதில் சாவைப் பாடாத மெட்டல் பையன் யார் என்று கேட்கலாம். ஆனால் இவர்கள் பெரும்பாலும் படர்க்கையில் நின்று பாடவில்லை. ஹெமிங்வே நாவலிலிருந்து எடுத்த சிப்பாய்களை மட்டும் தள்ளிநின்று பார்க்கிறார்கள். நாற்காலியில் கட்டப்பட்டவன் 'நான்'. பனிக்குள் இருப்பவன் 'நான்'. கொல்ல வருகிறவனும் 'நான்'.

தமிழில் 'கூற்று' என்றால் பேச்சு, கூற்று என்றால் எமன். இந்த ஆல்பத்துக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை. சாகிறவனின் கூற்றைச் சாகாதவன் எடுத்துப் பேசலாமா? பேசினால் அவன் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும்? எந்தக் குரலைக் கடன் வாங்கினாலும், அதற்குச் சொந்தக்காரன் ஒருநாள் வந்து "நான் அப்படிச் சொல்லலையே" என்று சண்டை போடலாம். இந்த ஒரு குரலுக்கு மட்டும் அப்படி யாரும் வரப்போவதில்லை.

தலைப்புப் பாட்டை எடுத்துக்கொள்வோம். மின்சார நாற்காலி கருணையின் பெயரால் வந்த சாதனம். தூக்குக்கயிறு கொடூரம், விஞ்ஞானம் இதை வலியில்லாமல் முடித்துவிடும் என்றுதான் நியூயார்க் மாநிலம் அதைக் கொண்டுவந்தது. யோசனையை முன்னின்று வலியுறுத்தியவர் ஒரு பல் மருத்துவர். 1890 ஆகஸ்ட் 6 அன்று ஆபர்ன் சிறையில் வில்லியம் கெம்லர் அதில் முதலில் உட்காரவைக்கப்பட்டார். மின்சாரம் பாய்ச்சி நிறுத்தியபிறகும் அவருக்கு மூச்சு இருந்தது. மறுபடியும் பாய்ச்சினார்கள்.

ஆனால் பாட்டு அந்த வலியைப் பற்றியது இல்லை, அதற்கு முந்தைய நிமிடங்களைப் பற்றியது. தஸ்தயேவ்ஸ்கிக்கு அந்த நிமிடங்கள் தெரியும். 1849 டிசம்பரில் பீட்டர்ஸ்பர்க்கில் சுடப்படுவதற்காக நிறுத்திவைக்கப்பட்டு, கடைசி நேரத்தில் தண்டனை மாற்றப்பட்டவர். இருபது வருடம் கழித்து 'அசடன்' நாவலில் மிஷ்கின் வாயிலாக அதைச் சொன்னார்: கொள்ளைக்காரன் கத்தியோடு வந்தால்கூடத் தப்பிவிடலாம் என்ற நம்பிக்கை கடைசிவரை இருக்கும், தீர்ப்பு அந்த நம்பிக்கையையும் பிடுங்கிக்கொள்கிறது, அதுதான் பெரிய சித்திரவதை. சாகிறவனின் கூற்றைப் பேசும் தகுதி யாருக்காவது உண்டென்றால் அவருக்கு உண்டு. ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டுக்கு? ஸ்டீஃபன் கிங் நாவலில் படித்த ஒரு சொற்றொடரைக் கிர்க் ஹாமெட் கொண்டுவந்து தர, அதிலிருந்து பிறந்த பாட்டு இது.

இருந்தாலும் அந்தப் பாட்டில் இரண்டு விஷயங்கள் என்னை நிறுத்துகின்றன. முதலாவது, பாடுகிறவன் சினிமா நாயகன்போல "நான் நிரபராதி" என்று கதறுவதில்லை. குற்றத்தீர்ப்பை வாங்கிக்கொண்டுதான் ஆரம்பிக்கிறான். நிரபராதிக்காக அழுவது நமக்குச் சுலபம். குற்றவாளியின் பயத்துக்குள் ஐந்தாறு நிமிடம் உட்காரச் சொல்வது வேறு வேலை.

இரண்டாவது, பாட்டின் முடிவு. அவன் சாவதில்லை. அலறலில் விழித்துக்கொள்கிறான், எல்லாம் கனவு. மலிவான உத்தி. "கனவுதான்பா" என்று முடியும் சிறுகதையை எந்த ஆசிரியரும் திருப்பி அனுப்பிவிடுவார். ஆனால் இங்கே வேறு எப்படி முடிக்க முடியும்? 1915ல், போரின் நடுவே எழுதிய கட்டுரையில் ஃபிராய்ட் இதைத்தான் சொன்னார்: நம் சாவை நம்மால் கற்பனை செய்யவே முடியாது, முயலும்போதெல்லாம் பார்வையாளராக நாம் அங்கே உயிரோடு நின்றுகொண்டிருக்கிறோம். 'நான்' என்று ஆரம்பித்த வாக்கியம் சாவுவரைதான் போகும், அதற்கப்புறம் எழுவாய் இல்லை. கடன்வாங்கிய குரலை எந்த இடத்தில் கீழே வைக்க வேண்டுமோ அந்த இடத்தில் பாட்டு வைத்துவிடுகிறது. தெரிந்து செய்தார்களா என்றால், செய்திருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். அதனால் அதன் நேர்மை குறைந்துவிடாது.

'க்ரீப்பிங் டெத்' கதை வேறு. அங்கே பேசுவது எமனேதான். பஸ்கா இரவில் எகிப்தின் தலைப்பிள்ளைகளைக் கொல்ல வரும் தூதன். நடுவில் வரும் அந்தக் கோஷப் பகுதியை எக்ஸோடஸ் குழுவில் இருந்தபோதே ஹாமெட் வைத்திருந்தார். அங்கே 'அவன்' கையால் என்று இருந்தது, இங்கே 'என்' கையால் என்று ஆனது. ஓர் உருபு மாறியதும் கச்சேரியே மாறிவிட்டது. இன்றைக்கும் அந்த இடத்தில் பல்லாயிரம் பேர் முஷ்டியை உயர்த்தி, சாகச் சொல்லிக் கத்துகிறார்கள். அடிமைகளின் விடுதலைக் கதைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த நிமிடத்தில் யாரும் விடுதலையை நினைப்பதில்லை, தொட்டிலில் கிடக்கும் குழந்தைகளையும் நினைப்பதில்லை. கத்துவது நல்லா இருக்கு, அவ்வளவுதான். சாகிறவனுக்கு வாயைக் கொடுக்க யோசிக்கிற நாம் கொல்கிறவனுக்கு உடனே கொடுத்துவிடுகிறோம். எனக்கு இதற்கு ஒரு தீர்வும் கிடையாது. அந்தப் பகுதி வரும்போது நானும் கத்துவேன்.

உண்மையான சிக்கல் 'ஃபேட் டு பிளாக்'கில்தான் இருக்கிறது. மற்ற 'நான்'கள் எல்லாம் வேஷம் என்று கேட்பவருக்குத் தெரியும். யாரும் மின்சார நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு ஹெட்ஃபோன் மாட்டுவதில்லை. வாழப் பிடிக்கவில்லை என்று சொல்லும் 'நான்' அப்படியில்லை. அதைக் கேட்பவரில் ஒருவர் உண்மையிலேயே அந்த இடத்தில் இருக்கலாம்.

1984 ஜனவரியில் பாஸ்டனில் குழுவின் கருவிகள் திருடுபோயின. ஹெட்ஃபீல்டுக்கு மிகப் பிடித்த மார்ஷல் ஆம்ப்ளிஃபயரும் போயிற்று. அந்தச் சோர்வில் எழுதிய பாட்டு. இதைக் கேட்டதும் சிலர் சிரிப்பார்கள்: "ஆம்ப் போனதுக்கா சாகணும்?" வெளியே நின்று பார்த்தால் எல்லா விரக்தியின் காரணமும் அற்பமாகத்தான் தெரியும். மார்க், கடன், காதல், ஒரு ஆம்ப். அவருக்குப் பதினாறு வயதில் அம்மா புற்றுநோயில் போய்விட்டார், மருத்துவத்தை ஏற்காத மதநம்பிக்கை கொண்ட குடும்பம். கையில் இருந்த கடைசிப் பொருள் களவு போகும்போது அதோடு சேர்ந்து என்னவெல்லாம் போகிறது என்பதை நாம் கணக்கெடுக்க முடியாது.

சரி, இப்படி ஒரு பாட்டைப் பொதுவில் விடலாமா? 1990ல் நெவாடாவின் ரீனோ நகர நீதிமன்றத்தில் ஜூடாஸ் பிரீஸ்ட் குழு நின்றது. இரண்டு இளைஞர்களின் முடிவுக்கு அவர்கள் பாட்டில் மறைந்திருந்த 'செய்' என்ற சொல்லே காரணம் என்று வழக்கு. அது வேண்டுமென்று வைக்கப்பட்டதல்ல என்று நீதிபதி தள்ளுபடி செய்தார். அங்கே தேடியது ஓர் ஏவல் வினையை. ஏவல் இருந்தால் குற்றம், இல்லையென்றால் இல்லை. எனக்கு இது போதாது என்று தோன்றுகிறது. ஏவலைவிடத் தன்மை ஒருமைக்குத் தொற்றும் சக்தி அதிகம். "செய்" என்றால் நான் மறுக்கலாம். "நான்" என்று யாரோ பாட, நானும் கூடச் சேர்ந்து பாடும்போது, அது என் வாக்கியமாகிவிடுகிறது. 1774ல் வந்த கதேயின் 'வெர்தர்' கடிதங்களால் ஆன நாவல், பெரும்பாலும் ஓர் இளைஞனின் 'நான்'. லைப்சிக் நகரம் அதன் விற்பனையைத் தடைசெய்தது. சாவுச் செய்திகள் சாவை வளர்க்கின்றன என்று இருநூறு வருடம் கழித்து 1974ல் சமூகவியலாளர் டேவிட் ஃபிலிப்ஸ் காட்டியபோது, அந்த விளைவுக்கு வெர்தரின் பெயரையே வைத்தார். பயந்தவர்கள் முட்டாள்கள் இல்லை.

விடுதியில் என் அறைத்தோழன் ஒருவன் ஒரு செமஸ்டர் முழுக்க இந்தப் பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தான். "இதைக் கேட்டா இன்னும் மோசமாகாதாடா?" என்று கேட்டேன். "இல்ல மச்சான். நான் சொல்ல வேண்டியத அவன் சொல்லிட்டான். நான் சும்மா இருந்தா போதும்" என்றான். அன்று ராத்திரி ரொம்ப நேரம் பேசினோம், அடுத்த வாரம் ஒரு மருத்துவரிடம் கூடப் போனேன். இப்போது நன்றாக இருக்கிறான். இதை வைத்து அந்தப் பாட்டு எல்லோரையும் காப்பாற்றும் என்று சொல்ல மாட்டேன். வேறொரு அறையில் அதே பாட்டு வேறு மாதிரி கேட்டிருக்கலாம். பாட்டை நிறுத்தச் சொல்லியிருந்தால் அவன் ஹெட்ஃபோனை இன்னும் அழுத்தி மாட்டிக்கொண்டிருப்பான் என்பது மட்டும் எனக்கு நிச்சயம்.

2010ல் வியன்னா ஆய்வாளர்கள் வெர்தருக்கு எதிர்ப்பக்கமாக ஒன்றைக் கண்டார்கள். அந்த எண்ணம் வந்தும் அதைத் தாண்டி வாழ்ந்தவர்களின் கதை, கேட்பவரைக் காக்கிறது. மோட்சார்ட்டின் ஓபராவில் அப்படித் தப்பிக்கிற பாபகேனோவின் பெயரை அதற்கு வைத்தார்கள். 'ஃபேட் டு பிளாக்' காகிதத்தில் அந்த வகை அல்ல. அது விடைபெறுவதோடு முடிகிறது, மீட்சி எதுவும் இல்லை. ஆனால் கதே வெர்தரை எழுதியது இருபத்து நாலில், இறந்தது எண்பத்திரண்டில். ஹெட்ஃபீல்ட் இதை எழுதியது இருபதில். நடுவில் 1986ல் சுவீடனில் பஸ் கவிழ்ந்து கிளிஃப் பர்ட்டன் போனார். 2019ல் போதைமீட்பு சிகிச்சைக்கு ஹெட்ஃபீல்டே திரும்பப் போனார், டூர் ரத்தானது. இன்றைக்கு அறுபது தாண்டி, தாடி நரைத்து, அதே 'நான்'-ஐப் பாடுகிறார். பாட்டின் நானுக்கும் பாடுகிறவனின் நானுக்கும் நடுவே நாற்பது வருடம் நிற்கிறது. அதை அரங்கத்தில் உள்ள எல்லோரும் கண்ணால் பார்க்கிறார்கள்.

கடைசிச் சொல் வந்தபிறகும் அந்தப் பாட்டு ஒரு நிமிடத்துக்கு மேல் ஓடுகிறது. குரல் இல்லை, ஹாமெட்டின் சோலோ மட்டும் மேலே ஏறிக்கொண்டே போகும். நேரடி நிகழ்ச்சி வீடியோ எதிலும் அந்த இடத்தில் சோலோவை விட்டுவிட்டுப் பக்கத்தில் பாருங்கள். விடைபெற்றுவிட்டதாக இப்போதுதான் பாடிய ஆள் மைக்கிலிருந்து நகர்ந்து ரிதம் வாசித்துக்கொண்டிருப்பார். அவர் நிறுத்தினால் மேலே சோலோ நிற்காது.