ஒன்பது பேரில் இருவர்

குறிஞ்சிப்பிட்டிப் பள்ளிவாசலில் இஷாத் தொழுகைக்குப் பிறகு ஹஸ்ரத்துக்கும் அவரிடம் ஓதும் மாணவன் ஒருவனுக்கும் நடந்த பேச்சு இது.

மாணவன்: ஹஸ்ரத், ஒரு கொலை நடந்தால் ஊரே ஒரே பெயரைச் சொல்கிறது. ஊர் முழுக்கச் சொல்வது பொய்யாக இருக்குமா?

ஹஸ்ரத்: சொன்னவர்களை எண்ணாதே மகன், கண்டவர்களை எண்ணு. கொட்டதெனியாவ வழக்கு நினைவிருக்கிறதா?

மாணவன்: 2015 செப்டெம்பர். உறங்கிக்கொண்டிருந்த சின்னஞ்சிறு பெண்பிள்ளையைத் தூக்கிக்கொண்டுபோய்க் கொன்றார்கள்.

ஹஸ்ரத்: முதலில் 17 வயதுப் பாடசாலை மாணவன் ஒருவனையும் ஒரு குடும்பஸ்தரையும் பிடித்தார்கள். டி.என்.ஏ. பொருந்தவில்லை, விட்டுவிட்டார்கள். பொலிசார் தன்னை அடித்ததாக அந்தப் பையன் பின்னர் சொன்னான். அடுத்து இன்னொருவன் அகப்பட்டான். பட்டப்பெயரோடு அவன் முகம் நாடு முழுக்கப் போனது. குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டான் என்று செய்தியும் வந்தது. அவனுடைய டி.என்.ஏ.யும் பொருந்தவில்லை. பொருந்தியது அவனுடைய சகோதரனுடையது. 2016 மார்ச்சில் நீர்கொழும்பு மேல் நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது அந்தச் சகோதரனுக்குத்தான்.

மாணவன்: செய்யாத கொலையை ஒருவன் ஏன் ஒப்புக்கொள்கிறான்?

ஹஸ்ரத்: அடைத்த அறைக்குள் நடந்ததை நானும் நீயும் எப்படி அறிவோம்? சட்டத்துக்கே அந்தச் சந்தேகம் வெகுகாலமாக உண்டு. பொலிஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை ஒருவனுக்கு எதிரான சாட்சியமாக்க முடியாது என்கிறது சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு. பயங்கரவாதத் தடைச் சட்டம் வேறு கதை, அதை இன்னொரு நாள் பேசுவோம். நீதிபதி ஏற்க மறுக்கும் ஒன்றை இரவுச் செய்தி தலைப்பாக வாசிக்கிறது. நாம் அதைக் கேட்டுவிட்டுச் சாப்பிடப் போகிறோம்.

மாணவன்: ஆனால் ஊர் வாயை மூடிக்கொண்டிருந்தால் ஏழைக்கு நீதி கிடைக்குமா? புங்குடுதீவு மாணவியின் கொலை வழக்கைப் பாருங்கள். 2015 மே மாதம். முக்கிய சந்தேகநபர் பொலிசாரிடமிருந்து நழுவிக் கொழும்புவரை போய்விட்டார். மக்கள் தெருவுக்கு வந்ததால்தானே மீண்டும் பிடிபட்டார்? அவரைத் தப்பவிட உதவினார் என்று ஒரு சிரேஷ்ட பிரதிப் பொலிஸ்மா அதிபரையே 2017இல் கைது செய்தார்களே!

ஹஸ்ரத்: நீ சொல்வதை மறுக்க மாட்டேன். அந்தச் சத்தம் இல்லாவிட்டால் அந்த வழக்கு எங்கேயோ புதைந்திருக்கும். ஆனால் அதே மே 20ஆம் திகதி என்ன நடந்தது? யாழ்ப்பாண நீதிமன்றத்துக்கே கல்லெறிந்தார்கள். சந்தேகநபர்களைத் தங்கள் கையில் தரச் சொன்னார்கள். பிறகு மூன்று நீதிபதிகள் கொண்ட ட்ரயல் அட்பார் அந்த வழக்கை விசாரித்தது. 2017 செப்டெம்பர் 27இல் தீர்ப்பு. எதிரிக்கூண்டில் ஒன்பது பேர். எத்தனை பேருக்கு மரண தண்டனை?

மாணவன்: ஏழு பேருக்கு.

ஹஸ்ரத்: மற்ற இருவர்?

மாணவன்: விடுதலை.

ஹஸ்ரத்: கல்லெறிந்தவர்கள் கையில் ஒன்பது பேரும் கிடைத்திருந்தால் இந்த இருவரையும் எந்தக் கபுறிலிருந்து எழுப்பி விடுதலை செய்வாய்? “விசாரி” என்று கேட்பது மக்களின் உரிமை. “ஒளிக்காதே, தப்பவிடாதே, இழுத்தடிக்காதே” என்று எவ்வளவு உரத்தும் கேட்கலாம். “இவன்தான்” என்று சொல்லும் உரிமை நமக்கு இல்லை. இரண்டும் ஒரே ஊர்வலத்தில், ஒரே தொண்டையிலிருந்து வருவதால் நமக்கு வித்தியாசம் தெரிவதில்லை.

மாணவன்: ஊர் சந்தேகித்தவன் பெரும்பாலும் குற்றவாளியாகத்தானே இருக்கிறான்?

ஹஸ்ரத்: மதீனாவிலும் பெரும்பாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். ஆயிஷா நாயகி (ரழி) அவர்கள் மீது அவதூறு பரவியபோது அது ஏறக்குறைய ஒரு மாதம் ஊரில் உலவியது. கட்டியவர்கள் சிலர்தான். மற்றவர்கள் கேட்டதைக் கைமாற்றினார்கள், அவர்களில் நல்ல முஃமின்களும் இருந்தார்கள். சூரா நூர் கட்டியவர்களோடு விடவில்லை, கைமாற்றியவர்களையும் கண்டித்தது. பகிர்ந்தேன், நானாகச் சொல்லவில்லை என்ற சாக்குக்கு அங்கே இடமில்லை.

மாணவன்: அது குற்றம் சாட்டப்பட்டவரின் மானம். கொல்லப்பட்ட பிள்ளைக்கு நாம் கடமைப்பட்டவர்கள் இல்லையா?

ஹஸ்ரத்: அந்தப் பிள்ளைக்காகத்தான் சொல்கிறேன். கொட்டதெனியாவவில் நாடு பிழையான முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்த நாட்களில் கொன்றவன் வெளியில் இருந்தான். இன்னொன்றும் உண்டு. சாட்சி சந்தேகநபரை அடையாள அணிவகுப்பில் இனங்காட்ட வேண்டும். அதற்கு முன்பே அவன் முகம் எல்லார் கைப்பேசியிலும் வந்துவிட்டால், சாட்சி கண்டது சம்பவ இடத்திலா வட்ஸ்அப்பிலா என்று எதிரியின் சட்டத்தரணி கேட்பார். நியாயமான கேள்வி. அதனால் உண்மைக் குற்றவாளியே தப்பலாம். கோபத்தில் நாம் அனுப்பிய படம் அவனுக்கு உதவியாகிவிடும்.

மாணவன்: குற்றம் நிரூபிக்கப்படும்வரை ஒருவன் சுத்தவாளி என்று அரசியலமைப்பே சொல்கிறது, 13(5). அப்படியிருந்தும் இந்தப் பழி சொல்லும் பழக்கம் ஏன் நிற்கவில்லை?

ஹஸ்ரத்: அந்த உறுப்புரை அரசாங்கத்தைக் கட்டும். தேநீர்க்கடையைக் கட்டாது. முந்திக்கொண்டு சொல்லும் பத்திரிகைக்கு விற்பனை, பிந்தி நிதானமாகச் சொல்லும் பத்திரிகைக்கு நட்டம். வாங்குகிற நாம்தான் அதை அப்படிப் பழக்கினோம்.

மாணவன்: ஹஸ்ரத், அந்த நாட்களில் கொட்டதெனியாவப் பையனைப் பற்றி நானும்...

ஹஸ்ரத்: என்னிடம் சொல்லி என்ன பயன்? யாரிடம் அவனைக் குற்றவாளி என்று சொன்னாயோ, அவர்களிடமே போய் அவன் கொலைகாரன் இல்லை என்றும் சொல். நாளைக்குச் சொல்கிறேன் என்று வைத்திருக்காதே.