மூல ஓலையும் பிள்ளைகளின் கையொப்பமும்

பெரிய புராணத்திலே தடுத்தாட்கொண்ட வரலாற்றைப் புராணபடனத்தில் கேளாத அடியார் இல்லை. புத்தூரில் மணப்பந்தலில் இருந்த நம்பியாரூரரிடம் முதிய வேதியர் ஒருவர் வந்து, அவர் தமக்கு வழிவழி அடிமை என்று கூறி ஓலையொன்றைக் காட்டுகிறார். நம்பியாரூரர் சினந்து அதைப் பறித்துக் கிழித்தெறிகிறார். வேதியரோ கலங்கவில்லை. கிழிந்தது படியோலை, மூல ஓலை வேறாக இருக்கிறது. வழக்கு திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்குச் செல்கிறது. கரணத்தான் ஓலையை வாங்கிப் படிக்கிறான். சாட்சிகளின் கையெழுத்துக்கள் பார்க்கப்படுகின்றன. பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையை எடுப்பித்து ஒப்புநோக்குகிறார்கள். அதன் பின்னரே தீர்ப்பு.

வந்தவர் சிவபெருமான். நினைத்த மாத்திரத்தில் ஆட்கொண்டிருக்கலாம். ஆயினும் ஓலை, சாட்சி, சபை என்ற உலக ஒழுங்கின் வழியாகவே வந்தருளினார். (அந்தக் கரணத்தானைப் பற்றிப் பிரசங்கிமார் அதிகம் பேசுவதில்லை. அவன் நிதானமாகப் படித்திராவிட்டால் வழக்கு முடிந்திராது.)

இன்று க.பொ.த. உயர்தரத்தில் நல்ல பெறுபேறு பெற்ற பிள்ளைக்கும் வங்கிப் படிவம் நிரப்பத் தெரிவதில்லை. அடையாள அட்டை விண்ணப்பத்தைத் தகப்பனார் நிரப்ப, பிள்ளை கையொப்பம் மட்டும் இடுகிறது. 18 வயதானதும் சட்டப்படி முழு வயது. அன்று முதல் அந்தக் கையொப்பம் பிள்ளையைக் கட்டும். நண்பன் கேட்டான் என்று, லீசிங்கில் எடுக்கும் மோட்டார் சைக்கிளுக்குப் படித்துப் பாராமலே பிணை நிற்கிறது. நண்பன் தவணை கட்டாவிட்டால் கடிதம் பிணை நின்றவர் வீட்டுக்கே வரும். அதைத் தாயிடம் காட்ட வெட்கப்பட்டு வேறொரு கடன், அதை அடைக்க இன்னொன்று. கிராமங்களில் இது நடவாத கதையன்று.

கொழும்பில் வேலைக்குப் போகும் பிள்ளையின் நிலையும் இதுவே. ஊழியர் சேமலாப நிதிக்குத் தன் சம்பளத்தில் 8 வீதம் கழிக்கப்பட, முதலாளி 12 வீதம் சேர்க்க வேண்டும் என்பதை அது அறியாது. அறியாதவர் கேட்பதும் இல்லை.

பெற்றோரைக் குறை கூறவும் மனம் வராது. 2009 வரை நீடித்த போரிலே, சந்திக்குப் போன பிள்ளை திரும்பி வருமா என்று வாசலில் நின்றவர்கள் அவர்கள். எல்லாவற்றையும் தாமே செய்து கொடுத்துப் பழகிவிட்டார்கள். ஆனால் முற்காலத்து மாணவன் குருவின் இல்லத்தில் ஓதியதோடு விறகு கொணர்ந்தான், பசு மேய்த்தான், அதன் பின்னரே இல்லறம் புகுந்தான். 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிய நாவலர் பெருமானும், பாலபாடத்திலே கடவுள் வழிபாட்டோடு களவு, சூது, பொய் ஆகியவற்றையும் எடுத்து விளக்கினார்.

இதற்குக் கோயிலே ஏற்ற இடம். திருவிழாக் காலத்தில் உபயப் பற்றுச்சீட்டுக்களைப் பிள்ளைகள் எழுதட்டும். மடைப்பள்ளிக்கு அரிசி அளந்து கொடுத்து, அன்னதான மரக்கறிக் கணக்கை அன்றிரவே முடிக்கட்டும். 100 ரூபா குறைந்தால் பெரியவர்கள் ஏசாமல் கூட இருந்து எண்ணலாம். ஞாயிறு அறநெறி வகுப்பிலே கடன் பத்திரத்தின் மாதிரி ஒன்றைக் கொடுத்து, அந்தக் கரணத்தானைப் போல, முதல் வரி தொடங்கிக் கடைசி வரி வரை சபையறிய வாசிக்கச் சொல்லலாம்.