காத்தலும் கரத்தலும்

பினாங்கின் ஜார்ஜ் டவுன் நகரில் உள்ள சூலியா தெரு, கடல் கடந்து வந்து வாணிகம் செய்த தமிழ் முஸ்லிம்களாகிய சூலியரின் பெயரைத் தாங்கி நிற்பது. வாணிகம் நடந்த இடத்தில் பேரேடு இருந்தது. பேரேடு இருந்த இடத்தில் அதைப் பார்க்கக் கேட்கும் உரிமையும் இருந்தது. பங்காளி ஒருவர் கணக்கைக் காண விரும்பும்போது, "ஐந்தொகை இன்னும் முடியவில்லை, திங்கட்கிழமை வாருங்கள்" என்று கடைக்காரர் சொன்னால் அதில் குற்றம் காண்பதற்கில்லை. அத்திங்கட்கிழமை ஒருபோதும் வராமலே போகுமானால், அங்கே நேர்மை குறைந்துவிட்டது என்றுதான் பொருள். முன்னது காத்தல், பின்னது கரத்தல். இவ்விரண்டையும் பிரித்தறிவது எங்ஙனம் என்பதே நம்முன் உள்ள வினா.

இத்தெருவின் அருகே உள்ள கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலின் வரலாறும் இதனோடு தொடர்புடையது. அதற்கு உரிய அறக்கொடைச் சொத்துகளின் நிருவாகத்தில் சீர்கேடு உண்டென்ற முறையீடு பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வலுத்தது. முஸ்லிம், இந்து அறக்கொடைகளை மேற்பார்வையிட 1905இல் சட்டம் இயற்றப்பட்டதற்கு இத்தகைய முறையீடுகளே காரணம். பொதுப்பொருளைக் கையாள்பவர் நல்லவராக இருந்தால் மட்டும் போதாது. அவர் கணக்கை வேறொருவர் பார்த்தல் வேண்டும் என்ற பாடத்தை இவ்வூர் அன்றே கற்றது.

நாட்டின் பேரேட்டைப் பார்ப்பவர் தலைமைக் கணக்காய்வாளர். மலேசியக் கூட்டரசு அரசியலமைப்பின் 107ஆம் பிரிவின்படி, அவர் தம் அறிக்கையை மாமன்னரிடம் அளிக்கிறார். மாமன்னர் அதனை மக்களவையில் வைக்கச் செய்கிறார். மக்களின் பேராளர்கள் காண்பதற்கு முன் அது நாளேட்டில் வருதல் முறையன்று. எனினும் நூற்றுக்கணக்கான பக்கங்களை ஒரு மணி நேரத்தில் படித்து எழுத எவராலும் இயலாது. கனடாவில் இதற்கு ஒரு வழி கண்டுள்ளனர். அறிக்கை வைக்கப்படும் நாளில், செய்தியாளர்களைப் பூட்டிய அறையில் அமர்த்தி, படிகளை முன்னதாகவே கொடுத்து, ஐயங்களுக்கும் விளக்கம் தருகின்றனர். அறிக்கை அவையில் வைக்கப்பட்ட பின்னரே செய்தி வெளியேறும். பூட்டு இருக்கிறது, திறக்கும் வேளையும் முன்னரே தெரிந்திருக்கிறது.

அவசரத்தால் விளையும் தீங்கை இந்திய நிகழ்ச்சி ஒன்று காட்டும். நிலக்கரி வயல் ஒதுக்கீடு குறித்த தணிக்கையின் வரைவு 2012 மார்ச்சில் நாளேட்டில் கசிந்தது. அதில் கண்ட தொகை 10.67 இலட்சம் கோடி ரூபாய். ஆகஸ்டு 17ஆம் நாள் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட இறுதி அறிக்கையில் இருந்ததோ 1.86 இலட்சம் கோடி. கணக்கு முடியும் முன் பேரேட்டைப் பிடுங்கினால், உண்மை அரைகுறையாகவே கைக்கு வரும். ஆகவே பொறுத்திருத்தல் செய்தியாளர்க்கும் ஓர் அறமே.

ஆனால் இந்த அறத்தின் போர்வையில் வேறொன்றும் நடக்கக்கூடும். 1எம்டிபி நிறுவனம் பற்றிய தலைமைக் கணக்காய்வாளரின் அறிக்கை 2016 மார்ச்சில் பொதுக் கணக்குக் குழுவிடம் சேர்ந்தது. அஃது அதிகாரத்துவ இரகசியச் சட்டத்தின் கீழ் அடைக்கப்பட்டது. என்று திறக்கப்படும் என்பதற்கு நாள் குறிக்கப்படவில்லை. அதன் ஒரு பக்கத்தைச் செய்தியாளர் முன் வெளிப்படுத்திய நாடாளுமன்ற உறுப்பினர் ரபிசி ரம்லிக்கு, அதே ஆண்டு நவம்பரில் செசன்ஸ் நீதிமன்றம் 18 மாதச் சிறைத் தண்டனை விதித்தது. 2018 மே மாதம் ஆட்சி மாறிய பின்னரே அறிக்கை மக்கள் கைக்கு வந்தது.

அந்த அறிக்கை அடைக்கப்படுமுன் நடந்ததும் பின்னர் வெளிப்பட்டது. 2016 பிப்ரவரியில் நடந்த கூட்டத்தை அடுத்து அதன் சில பகுதிகள் நீக்கப்பட்டன. முந்திய படிகளும் அழிக்கப்பட்டன. இவ்விவகாரத்தில் குற்றஞ்சாட்டப்பட்ட முன்னாள் பிரதமர் நஜிப்பையும், நிறுவனத்தின் முன்னாள் தலைவர் அருள் கந்தாவையும் 2023 மார்ச்சில் நீதிமன்றம் விடுவித்தது. அத்தீர்ப்பை நாம் மதிக்கிறோம். நம் சிந்தனைக்கு உரியவர் கணக்காய்வுத் துறை அதிகாரி நோர் சல்வானி என்பவர். கூட்டத்தில் தாம் இருக்கலாகாது என்றானபோது, அவர் ஓர் எழுதுகோல் பெட்டிக்குள் ஒலிப்பதிவுக் கருவியை வைத்துச் சென்றார். அழிக்கப்பட வேண்டிய படிகளுள் ஒன்றையும் பாதுகாத்தார். அதனை உடனே நாளேடுகளுக்கு அனுப்பவில்லை; நெருப்பிலும் இடவில்லை. உண்மைக்கு உரிய நாள் வரும்வரை வைத்திருந்தார்.

அவர் செய்ததும் ஒருவகையில் மறைத்தல்தானே என்று மாணவர் கேட்கலாம். நல்ல கேள்வி. பொருளுக்கு உரியவரிடம் ஒரு நாள் ஒப்படைப்பதற்காக வைத்திருப்பவர் காவலர். உரியவர் கையில் சேராதிருக்க வைத்திருப்பவர் கவர்ந்தவர். செயல் ஒன்றுபோல் தோன்றினும் நோக்கம் வேறு. கணக்கு மக்களுடையது. அதைச் சில காலம் அடைத்து வைப்போர், அடைப்பதன் காரணத்தையும் திறக்கும் நாளையும் சொல்ல வேண்டும்; திறக்கும்போது வேண்டிய நாளேடு, வேண்டாத நாளேடு என்று பாராமல் யாவர்க்கும் ஒருசேரத் திறக்க வேண்டும். இம்மூன்றும் அமைந்தால் செய்தியாளர் தம் வாக்கைக் காத்தல் கடன். அமையாதவிடத்து அவர் பொறுமை அறமாகாது. பிறர் குற்றத்திற்குத் துணையாகிவிடும். அப்பொழுது வாய் திறப்பவர் சட்டத்தின் தண்டனையை ஏற்கவும் துணிந்திருத்தல் வேண்டும். அத்துணிவுக்கு விலை உண்டு என்பதை மறைப்பதும் நேர்மையாகாது.

பினாங்கு மாநிலத்தின் தகவல் உரிமைச் சட்டம் 2015இல் நடைமுறைக்கு வந்தது. அது பாராட்டத்தக்கது. எனினும் கூட்டரசு இரகசியம் என்று முத்திரையிட்டதை மாநிலச் சட்டம் திறந்துவிட இயலாது. ஆதலின் சட்டம் முடியும் இடத்தில் மனிதரின் மனச்சான்று தொடங்க வேண்டியிருக்கிறது. இடித்துரைப்பாரை ஆட்சிக்கு அரணாகக் கொண்டவர் வள்ளுவர். அவர்கள் எழுதியதைப் பூட்டி வைக்கும் ஆட்சி தன் அரணையே பூட்டிக்கொள்கிறது.

சூலியா தெருவில் இன்றும் கடைகள் திறக்கின்றன. மாலையில் கணக்கு முடிகிறது. "திங்கட்கிழமை வாருங்கள்" என்று எவரேனும் சொன்னால் பொறுத்திருப்போம். ஆனால் திங்கட்கிழமை காலையில் தவறாமல் போய்க் கதவைத் தட்டுவோம்.