சட்டம் நீங்கினால் கடமை நீங்குமா?

அரசாங்கம் ஒரு விதியை எடுத்துவிட்டால், அவ்விதி வலியுறுத்திய நேர்மையும் நம் பொறுப்பிலிருந்து இறங்கிவிடுமா?

2025-ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்காவில் நடந்த ஒரு காரியம் இக்கேள்வியை எழுப்புகிறது. வீட்டுக்கும் வணிகத்துக்கும் உரிய சில மின்சாதனங்கள் எவ்வளவு சிக்கனமானவை என்று தயாரிப்பாளர் சான்றளிக்கவும் லேபிள் ஒட்டவும் அந்நாட்டு எரிசக்தித் துறை 2024-இல் ஒரு விதியை வெளியிட்டிருந்தது. நாடாளுமன்றம் தீர்மானம் இயற்றி அதை ரத்துச் செய்தது. மே 9-ஆம் நாள் ஜனாதிபதி டிரம்ப் அதில் கையொப்பமிட்டார். இத்தகைய விதிகள் தொழிலுக்குச் சுமை, வாங்குவோரின் விருப்பத்தில் அரசு தலையிடலாகாது என்பன அவர்களின் வாதங்கள்.

நம் நாட்டில் 2001-ஆம் ஆண்டின் எரிசக்திச் சேமிப்புச் சட்டம் நடைமுறையில் உள்ளது. 2006-இல் நட்சத்திர லேபிள் வந்தது. 2023 ஜனவரி முதல் கூரை மின்விசிறிக்கும் அது கட்டாயமாயிற்று. ஆயினும் கேள்வி நமக்கும் உரியதே.

ஜவ்வாது மலையிலிருந்து சாமையும் புளியும் கொண்டுவந்து விற்கும் ஒருவர், அந்தப் பணத்தில் மலையடியிலுள்ள ஆலங்காயத்திலோ வாணியம்பாடியிலோ ஒரு மின்விசிறி வாங்குவதாக வைத்துக்கொள்வோம். அவருடைய சாமையை நாம் கையில் அள்ளிப் பார்த்து வாங்கலாம். நாம் விற்கும் மின்விசிறி குடிக்கும் மின்சாரத்தை அவர் எந்தக் கையால் அள்ளிப் பார்ப்பார்? பழைய வகை விசிறிக்குச் சுமார் 75 வாட், புதிய வகைக்குச் சுமார் 30 வாட் வேண்டும். நாளொன்றுக்குப் பத்து மணி நேரம் சுழன்றால் மாதத்தில் 13 யூனிட்டுக்கு மேல் வித்தியாசம். காற்றோ ஒன்றுபோலவே வீசும்!

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டார்கள். உள்ளே ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, மோசடி செய்பவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என எச்சரித்தார்கள். மழை பெய்தது வியாபாரியின் குற்றமன்று. ஈரத்தை மறைத்ததே குற்றம். விசிறியைச் செய்தவர் வேறொருவராயினும், அதன் குறையை அறிந்தும் சொல்லாமல் விற்பவரின் நிலையும் இதுவே.

வாங்குவோரின் சுதந்திரம் என்கிறார்களே, உண்மை தெரியாதவருக்கு ஏது சுதந்திரம்? மறைக்கப்பட்ட குறை பின்னர் தெரியவந்தால் பொருளைத் திருப்பித் தரும் உரிமையை ஃபிக்ஹுச் சட்டம் வாங்கியவருக்கு அளித்திருப்பது இதனாலன்றோ? விதிகள் மிகுந்து சிறு தொழிலை நசுக்கினால் அவற்றைக் குறைப்பதில் தவறில்லை. ஆனால் குறைக்கப்படுவது காகிதச் சுமையாக இருக்கட்டும். உண்மை சொல்லும் கடமையாக இருக்க வேண்டாம்.

பயன்படுத்தும் நமக்கும் கடமை உண்டு. ஓடும் ஆற்றில் உளூச் செய்தாலும் தண்ணீரை வீணாக்கலாகாது என்று கற்ற சமுதாயம் நாம். ஆற்றங்கரையில் மீட்டருமில்லை, அதிகாரியுமில்லை. வீண்விரயம் செய்வோரை ஷைத்தானின் சகோதரர்கள் என்று திருமறை எச்சரிப்பதும், கட்டணம் கட்ட வசதியுள்ளவருக்கு விலக்களித்து அன்று. ஆளில்லாத அறையில் எரியும் விளக்கு நம் வீட்டில் இருந்தாலென்ன, பள்ளிவாசலில் இருந்தாலென்ன, கணக்கு ஒன்றுதான்.

அரசு தண்டிக்காது என்பது வேறு. அல்லாஹ் பொருந்திக்கொள்வான் என்பது வேறு. சட்டம் இருக்கும்போதே அதற்காகவன்றி அவனுக்காக நேர்மையாய் நடப்பவருக்கு, அது நீங்கும் நாளில் எதுவும் மாறப்போவதில்லை. அத்தகைய உள்ளத்தை வல்ல நாயன் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.