மீதித் துண்டுகளும் நம் உபாத்தியாயர்களும்



நன்மை இன்னதென்று அறிந்தவன் அதைத் தவறாமல் செய்வான் என்று கிரேக்க ஞானி சோக்ரடீஸ் எண்ணினார். அரிஸ்டாட்டில் இதற்கு உடன்படவில்லை. யாழ் வாசித்து வாசித்தே பாணன் ஆவதுபோல, நீதியானவற்றைச் செய்து செய்தே மனிதன் நீதிமானாகிறான் என்றார். அர்ச். தோமாஸ் அக்குவினாஸும் இயற்கைப் புண்ணியங்களைக் குறித்து இவ்வழியே போதித்தார். இந்தப் பழைய வழக்கு இன்று ஆசிரியப் பயிற்சிக் கல்லூரிகளின் வாசலில் வந்து நிற்கிறது.

பள்ளிகளில் சுற்றுச்சூழல் பாடம் கட்டாயம் வேண்டுமென்று உச்ச நீதிமன்றம் 1991-ல் கூறியது. 2003-ல் மறுபடியும் வற்புறுத்தியது. கற்பிக்கிறவர் முதலில் கற்க வேண்டுமல்லவா? ஆகவே பி.எட். வகுப்புகளிலும் இந்தப் பேச்சு நுழைந்திருக்கிறது. ‘சுழற்சிப் பொருளாதாரம்’ என்ற புதுப் பெயரும் அடிபடுகிறது. ஒன்றின் கழிவு வீணாகாமல் மற்றொன்றுக்கு முதலாகத் திரும்புவதே இதன் பொருள். ஸ்ரீரங்கத்து வாழைத் தோட்டக்காரருக்கு இது புதிதன்று. இலை பந்திக்கு, எச்சில் இலை மாட்டுக்கு, சாணம் மறுபடி தோட்டத்துக்கு. தண்டு கறிக்கு, நார் பூத்தொடுக்க. திருச்சியில் 1993-ல் ஏற்பட்ட தேசிய வாழை ஆராய்ச்சி மையமும் குலை வெட்டிய மரத்தின் நாரை எப்படியெல்லாம் பயன்படுத்தலாம் என்று ஆராய்ந்து வருகிறது.

இனி, ஆசிரியப் பயிற்சி பெறும் பெண் உங்கள் வீட்டில் இருந்தால் கவனியுங்கள். துணைக்கருவிகள் செய்ய இரவெல்லாம் கண்விழிக்கிறாள். புதுத் தெர்மாகோல், புது சார்ட், ஜிகினாத் தாள், பசை. தேர்வாளர் பார்த்து மதிப்பெண் போட்டதும் அத்தனையும் பரணுக்கு, பிறகு குப்பைக்கு. நம் ஊர்க் குப்பை நெடுங்காலம் போய்க் குவிந்த இடம் அரியமங்கலம். ‘நீரின் சுழற்சி’ என்று எழுதிய தெர்மாகோல் பலகை அங்கே எந்தச் சுழற்சியில் சேரும்? சின்னப் பிள்ளைகளுக்குக் ‘கழிவிலிருந்து கலைப்பொருள்’ போட்டி வைத்தாலோ, காலிப் புட்டிக்காக நாமே புதுச் சோடா வாங்கிக் கொடுக்கிறோம்! வாய் ஒரு பாடம் சொல்ல, கை வேறொன்று சொல்லுகிறது. பிள்ளை கற்பது கை சொன்னதையே.

பக்கத்துத் தஞ்சாவூரில் 1892-ல் பிறந்தவர் ஜே. சி. குமரப்பா. கிறிஸ்தவர், லண்டனில் கணக்குத் தணிக்கை கற்றவர், காந்தியடிகளோடு சேர்ந்து கிராமக் கைத்தொழில்களுக்கே உழைத்தவர். நிலையான பொருளாதாரத்தைப் பற்றிச் சிறையில் அவர் எழுதிய ஆங்கில நூல் 1945-ல் வெளிவந்தது. நிலக்கரியும் எண்ணெயும் தேங்கிய நீர் போன்றவை, எடுக்க எடுக்கக் குறையும். மரமும் பயிரும் ஓடும் நீர் போன்றவை, அளவறிந்து எடுத்தால் வற்றாது என்பது அவர் கருத்து. காவேரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே குடியிருக்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கைத்தொழில் வழியே பாடம் சொல்லும் ஆதாரக் கல்வியைக் காந்தியடிகள் 1937-ல் முன்வைத்தபின், அதற்கென ஆசிரியப் பயிற்சிப் பள்ளிகளும் நம் மாகாணத்தில் தோன்றின.

அது ஏன் வேரூன்றவில்லை? பணக்காரன் பிள்ளை படிக்க, என் பிள்ளை நூல் நூற்பதா என்று ஏழைப் பெற்றோர் சந்தேகப்பட்டார்கள். அந்தச் சந்தேகம் வீண் என்று சொல்லேன். 1953-ல் ராஜாஜி அரசாங்கம் கொண்டுவந்த திட்டம் பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் வீட்டுத் தொழிலைக் கற்கச் சொன்னது. ‘குலக்கல்வி’ என்று எதிர்ப்பு எழுந்து, 1954-ல் காமராஜர் முதலமைச்சரானதும் கைவிடப்பட்டது. கைவிட்டது நியாயமே. பிறப்பைக் காட்டி ஒருவன் தலையில் சுமத்தும் வேலை கல்வியாகாது.

இன்றைக்கும் இந்தச் சுழற்சியைக் கையால் நடத்துகிறவர் யார்? பழைய பேப்பர், இரும்பு வாங்க வருகிறவரும், விடியுமுன் வண்டி தள்ளிவரும் தூய்மைப் பணியாளருமே. நூற்றுக்குத் தொண்ணூறு வாங்கிய ஆசிரியை எல்லாக் குப்பையையும் ஒரே பையில் கட்டி அந்த அம்மாளிடம் நீட்டினால், அவள் படித்ததென்ன? உடைந்த கண்ணாடியைச் சோற்றுக் குப்பையோடு போடுவது பாவமா சாமி, என்று ஒரு தாய் என்னைக் கேட்டார்கள். யார் கையைக் கிழிக்கும் என்று தெரிந்தே போட்டால் வேறென்ன என்றேன். சிக்கனம் மட்டும் இருந்தால் போதாது. இங்கே நீதியும் வேண்டும்.

மறைந்த பாப்பரசர் பிரான்சிஸ் 2015-ல் எழுதிய ‘லவுதாத்தோ சீ’ நிருபத்தில், கல்வியைப் பற்றிப் பேசுமிடத்தில் குப்பை பிரிப்பது, காகிதத்தைக் குறைப்பது போன்ற அற்பக் காரியங்களையே குறிப்பிடுகிறார். ஐயாயிரம் பேர் உண்டபின் மீதித் துண்டுகளைச் சேர்க்கும் வேலையைச் சேசுநாதர் யாருக்குக் கொடுத்தார்? வருங்காலப் போதகர்களான தம் சீஷர்களுக்கு! பயிற்சிக் கல்லூரிகளிலும் முதல்வர் முதல் மாணவர்வரை முறைவைத்துத் தங்கள் வளாகக் குப்பையைத் தாங்களே பிரித்தால், அதற்கு மதிப்பெண்கூட வேண்டாம் என்பேன்.

நம் பங்கில் பயிற்சி பெறுவோர்க்கு ஓர் அறிவிப்பு. ஞானோபதேச வகுப்பறையில் ஒரு மர பீரோ காலியாயிருக்கிறது. தேர்வு முடிந்ததும் உங்கள் படங்களையும் மாதிரிகளையும் அங்கே வையுங்கள்; அடுத்த ஆண்டு பயில்வோர் எடுத்துக்கொள்ளட்டும். தெர்மாகோலுக்கு மட்டும் இடமில்லை. ஞாயிறு இரண்டாம் பூசைக்குப்பின் சாவி உபதேசியாரிடம் கிடைக்கும்.