பெயர் தெரிந்தும்

பொதுக்காலம் 26-ஆம் ஞாயிறு, மூன்றாம் ஆண்டு
ஆமோஸ் 6:1, 4-7, 1 திமொத்தேயு 6:11-16, லூக்கா 16:19-31



இயேசு சொன்ன உவமைகளை எண்ணிப் பாருங்கள். விதைக்கப் போனவர், வீட்டை விட்டு ஓடிய மகன், வழியில் அடிபட்டவரைத் தூக்கிய சமாரியர். இவர்களில் யாருக்கும் பெயர் கிடையாது. கதைக்காக அவர் படைத்த மாந்தருள் ஒரே ஒருவருக்குத்தான் பெயர் வைத்தார். மெல்லிய உடை உடுத்தி நாள்தோறும் விருந்துண்ட செல்வருக்கு அது கிடைக்கவில்லை. அவர் வீட்டு வாயிலில் புண்ணோடு கிடந்த ஏழைக்குக் கிடைத்தது. இலாசர்: 'கடவுள் உதவி செய்தார்' என்று பொருள்.

இந்த இலாசர் தாமாக நடந்து வந்து அங்கே உட்காரவில்லை. லூக்கா எழுதிய கிரேக்கச் சொல்லுக்கு 'போடப்பட்டிருந்தார்' என்று பொருள். யாரோ தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள். வசதியான வீடு, பார்த்துக்கொள்வார்கள் என்று வாயிலில் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். உள்ளே இருந்தவரும் அவரை அடிக்கவில்லை, விரட்டவில்லை. போகும்போதும் வரும்போதும் கடந்து போனார், அவ்வளவுதான். ஆனால் பாதாளத்தில் வேதனைப்படும்போது அவர் ஆபிரகாமிடம் என்ன கேட்கிறார், கவனித்தீர்களா? இலாசரை அனுப்பும்படி, பெயரைச் சொல்லியே கேட்கிறார். ஆக, பெயர் தெரிந்திருக்கிறது. இத்தனை நாளும் தெரிந்திருக்கிறது.

அந்த வாயிலில் இலாசருக்கு அருகே வந்தவை நாய்கள் மட்டுமே. அவை புண்ணை நக்கியதை அவருக்கு நேர்ந்த கடைசி அவமானம் என்று சில விளக்கவுரையாளர்கள் கொள்வதுண்டு. அன்று அவரைத் தொட்ட ஒரே இரக்கம் அதுதான் என்று சொல்வாரும் உண்டு. கொள்ளைநோய் கண்டு காட்டில் ஒதுங்கிக் கிடந்த புனித ரோக்குவுக்கு ஒரு நாய் தினமும் வாயில் ரொட்டி கவ்விக்கொண்டு வந்து கொடுத்ததாக மரபு. அதனால்தான் அவருடைய சுரூபத்தில் தொடையில் புண்ணும், காலடியில் ரொட்டி கவ்விய நாயும் இருக்கும். நம் நோயில் அருகே வந்த உயிர்களுக்கு, அவற்றின் நோயில் நாம் செய்வது என்ன? இன்று உங்களிடம் இதைத்தான் பேச விரும்புகிறேன்.

வருகிற அக்டோபர் 4, அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ் விழா. உங்கள் வீட்டு நாய்களையும் பூனைகளையும் மந்திரிக்கக் கூட்டி வருவீர்கள். குளித்து, கழுத்தில் பூமாலையோடு வரும். கூட்டி வர ஆளில்லாதவற்றைப் பற்றி இன்றைக்குக் கேளுங்கள்.

சென்ற ஆண்டு திருவருகைக் காலத்தில் ஒரு நாள் விடியற்காலை, ஊருக்கு வெளியே உள்ள ஒரு நாய்கள் காப்பகத்துக்குப் போனேன். கேட்டுக் கம்பியில், பழைய சேலையைக் கிழித்துத் திரித்த கயிற்றால் ஒரு லேப்ரடார் நாயைக் கட்டிப் போட்டிருந்தார்கள். முகமெல்லாம் நரைத்திருந்தது. பின்னங்கால்கள் மடங்கி, எழுந்து நிற்க முடியவில்லை. பக்கத்தில் எவர்சில்வர் தட்டில் தயிர்சோறு, அதில் எறும்பு. ஒரு துணிப்பையில் மடித்து வைத்த போர்வை, பாதி தீர்ந்த மாத்திரை அட்டை.

அந்த மாத்திரை அட்டையை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை. முந்தின நாள்வரை யாரோ வேளை தவறாமல் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். போர்வையை மடித்து வைத்திருக்கிறார்கள். கொடுமைக்காரர்கள் இப்படிச் செய்யமாட்டார்கள். வாடகை வீடு மாறியிருக்கலாம். பிள்ளைகள் வெளிநாட்டுக்குக் கூப்பிட்டிருக்கலாம். மருந்துச் செலவு கட்டுப்படியாகாமல் போயிருக்கலாம். அவர்களைத் தீர்ப்பிட நான் யார்? ஆனால் போர்வை வைத்தவர்களுக்கு ஒரு துண்டுச்சீட்டில் அதன் பெயரை எழுதி வைக்கத் தோன்றவில்லை.

காப்பகத்தில் வேலை செய்யும் அம்மா அதன் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "பேரு தெரிஞ்சாத்தான் ஃபாதர் சாப்பிடும்" என்று சொல்லிவிட்டு ஒவ்வொரு பெயராகக் கூப்பிட ஆரம்பித்தார். ரோஸி, டாலி, பப்பி, ராணி, லக்கி, சின்னு. அது தரையையே பார்த்துக்கொண்டிருந்தது. ஏறக்குறைய கால்மணி நேரம் ஆகியிருக்கும். "ஜூலி" என்றார். ஒரு காது மெல்ல எழுந்தது. பிறகு வால் சிமெண்டுத் தரையில் இரண்டு முறை தட்டியது.

பெயர் தெரியாத ஒருவர் கால்மணி நேரம் தரையில் உட்கார்ந்து அதைத் தேடினார். பெயர் தெரிந்தவர்கள் இருட்டில் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்கள். இன்றைய நற்செய்தி முழுவதும் அந்தக் கேட்டருகே எனக்கு விளங்கிற்று.

சகோதரரே, சகோதரிகளே, காப்பகத்தில் குட்டிகளுக்கு வீடு கிடைத்துவிடும். வயதானவை அங்கேயே தங்கிவிடும். பெரிய இனத்து நாய் ஏழெட்டு வயதிலேயே முதுமை அடைகிறது. சிறிய இனம் பத்து வயது வாக்கில். கண்புரை, மூட்டுவலி, சிறுநீரகக் கோளாறு, சர்க்கரை என்று நம் வீட்டுப் பெரியவர்களுக்கு வருவதெல்லாம் அவற்றுக்கும் வரும். எத்தனை அன்பானவர்கள் நடத்தினாலும் காப்பகம் காப்பகம்தான். சிமெண்டுத் தரை மூட்டுவலிக்கு ஆகாது. ராத்திரியெல்லாம் குரைப்புச் சத்தம் ஓயாது. சர்க்கரை உள்ள நாய்க்கு 12 மணி நேர இடைவெளியில் இரண்டு வேளை இன்சுலின் போட வேண்டும். நூற்றுக்கணக்கான நாய்களை நாலைந்து பேர் பார்க்கும் இடத்தில் அது எவ்வளவு கடினம்! அவற்றுக்கு வேண்டியது வீடு.

வளர்ப்புப் பிராணியைப் பசி தாகத்தில் வாடும்படி கைவிடுவது நம் நாட்டில் குற்றம். 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் அப்படிச் சொல்கிறது. முதல் முறை செய்தால் அதில் அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய்வரை. சட்டம் அவ்வளவில் நின்றுவிடும். அதற்கு மேல் மனச்சான்றுதான் பேச வேண்டும்.

உங்களில் சிலர் மனத்தில் ஓடுவது எனக்குத் தெரியும். 'இலாசர் மனிதர் ஆயிற்றே, ஃபாதர். அவர் இன்றும் நம் பேருந்து நிலையத்தில் படுத்திருக்கிறார். அவரை விட்டுவிட்டு நாய்க்கு மருந்தா?' நியாயமான கேள்வி. திருச்சபையும் இதை எடைபோட்டிருக்கிறது. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி 2418-ஆம் எண்ணில் இரண்டையும் சேர்த்தே கற்பிக்கிறது: விலங்குகளைத் தேவையின்றித் துன்புறுத்துவது மனித மாண்புக்கு ஒவ்வாது, மனிதத் துயர் துடைக்க முதலில் போக வேண்டிய பணத்தை அவற்றின்மேல் செலவழிப்பதும் தகாது. ஆகவே, நம் வின்சென்ட் தே பவுல் சபையின் பெட்டியிலிருந்து ஒரு ரூபாய்கூட எடுக்கச் சொல்லமாட்டேன்.

ஆனால் திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் தந்த 'இறைவா உமக்கே புகழ்' சுற்றுமடலில் நினைவூட்டியதையும் மறக்க வேண்டாம். நமக்கு இருப்பது ஒரே இதயம். விலங்கிடம் இறுகிப்போன இதயம் மனிதரிடமும் இறுகிப்போக வெகுநாள் ஆகாது. இளகுவதும் அப்படித்தான். ஜூலிக்கு வீடு தேட 11 குடும்பங்கள் கை கொடுத்தன. எல்லாமே ஒரே அன்பியத்தைச் சேர்ந்தவை. மழைக்காலத்தில் ஆற்றோரத்துக் குடிசைக்காரர்களுக்கு முதலில் சோறு வடித்துக் கொண்டு போனவர்களும் அவர்கள்தாம்.

அவர்கள் செய்ததைச் சொல்கிறேன், ஏனென்றால் உங்களாலும் முடியும். முதலில் உண்மையைச் சொன்னார்கள். கால்நடை மருத்துவரிடம் காட்டி, இரத்தம் பரிசோதித்து, சிறுநீரகம் பழுதாகியிருக்கிறது, மூட்டுவலி இருக்கிறது, தினமும் இன்னின்ன மாத்திரை, இன்ன சாப்பாடு என்று ஒரு தாளில் எழுதினார்கள். கூடவே ஜூலியால் என்ன முடியும் என்பதையும் எழுதினார்கள்: பிள்ளைகளிடம் சாதுவாக இருக்கும், மற்ற நாய்களோடு சண்டை போடாது, வீட்டுக்குள் அசுத்தம் செய்யாது. நோயை மறைத்துக் கொடுத்தால் பத்தே நாளில் நாய் திரும்பி வந்துவிடும். இரண்டாம் முறை கைவிடப்படுவது முதல் முறையைவிடக் கொடியது.

பிறகு சுமையைப் பங்கு போட்டார்கள். ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியை, தனியாக இருப்பவர், இடம் கொடுத்தார். குட்டியின் பின்னால் ஓட அவரால் முடியாது; ஜூலியாலும் ஓட முடியாது. இருவர் நடையும் ஒத்துப்போயிற்று. மருந்துச் செலவை அன்பியம் ஏற்றது. ஓர் ஆட்டோக்காரத் தம்பி மாதத்தின் முதல் சனிக்கிழமை அரசு கால்நடை மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார். ஆசிரியைக்கு முடியாமல் போனால் இன்னார் வைத்துக்கொள்வது என்று முதல் நாளே பேசி வைத்தார்கள். ஒருவர் தலையில் விழுந்தால் நசுக்கும் சுமை, பலர் தோளில் ஏறியபோது யாருக்கும் வலிக்கவில்லை.

நாய்க்கடி பட்டவர்களும் உங்களில் இருக்கிறீர்கள். உங்கள் பயம் பொய்யல்ல. வெறிநாய்த் தடுப்பூசி போட்டு, குணம் அறிந்த பிறகே ஒரு நாயை வீட்டுக்குக் கொண்டு வர வேண்டும். தெருவில் விடப்படும் ஒவ்வொரு வளர்ப்பு நாயும் அந்தப் பயத்தைக் கூட்டுகிறது. வீடு சேரும் ஒவ்வொன்றும் குறைக்கிறது.

ஜூலி ஏழு மாதம் இருந்தது. ஒரு மதியம் ஆசிரியையின் பாயில், தலையில் அவர் கை இருக்க, மூச்சு அடங்கியது. ஏழு மாதத்துக்காகவா இத்தனை பாடு என்று என்னிடம் ஒருவர் கேட்டார். ஆசிரியையிடமே கேளுங்கள் என்று அனுப்பினேன். அவர் சொன்ன பதில்: "இந்த ஏழு மாசத்துல ஒரு நாள்கூட அது பேரைக் கூப்பிடாம நான் எந்திரிச்சதில்ல."

அன்புக்குரியவர்களே, எல்லாராலும் நாயை வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது. ஒரு மாத மருந்து, ஒரு பழைய போர்வை, ஒரு சவாரி, ஒரு வாரம் வைத்துப் பார்க்க ஒரு திண்ணை: இவற்றில் ஒன்று உங்களிடம் இருக்கும். நம் ஒவ்வோர் அன்பியமும் காப்பகத்திலுள்ள ஒரு வயதான நாயின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். அதற்கு வீடு கிடைக்கும்வரை அதன் பொறுப்பை ஏற்கட்டும். உங்கள் வீட்டு நாய்க்கு வயதாகிவிட்டது, வைத்துப் பார்க்க வழியில்லை என்றால், இருட்டில் போகாதீர்கள். பங்குப் பணிமனைக்கு வாருங்கள். சேர்ந்து வழி தேடுவோம்.

செல்வரின் மேசையிலிருந்து விழுந்த துண்டுகள் வாயில்வரை போய்ச் சேரவில்லை. அதனால்தான் அந்த மேசை சாபமாயிற்று. இன்னும் சிறிது நேரத்தில் இந்தப் பீடத்திலிருந்து அப்பத்தை உண்போம். நம் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைத்தவர் தம்மையே நமக்குத் தருகிறார். உண்டபின் நாம் போவதும் ஒரு வாயில் வழியாகத்தான். அங்கே கிடப்பவர் மனிதரானாலும், வாயில்லா உயிரானாலும், கடந்து போகுமுன் நில்லுங்கள், பெயரைக் கேளுங்கள்.

ஆமென்.