சாயம் போகும் சட்டை

'ஆள் பாதி, ஆடை பாதி' என்று நாம் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். சொன்ன வாய் மூடுமுன்னே, 'உடுப்பில் என்ன இருக்கிறது, படிப்பில் கவனம் வை' என்றும் சொல்கிறோம். இரண்டும் ஒரே வாயிலிருந்து வருவதைப் பிள்ளைகள் கவனிக்காமலில்லை. பதினாறு வயதுப் பிள்ளை மற்றவர்களைப் போல உடுத்த ஆசைப்படுவது மனப் பலவீனமா? அல்லது தான் வாழும் சிறிய சமூகத்தை அது சரியாகவே புரிந்துகொண்டிருப்பதன் அடையாளமா? நமது ஊர்ப் பாடசாலையை முன்வைத்து இதைப் பேசத் தொடங்கினால் உடனே கோபதாபங்கள் வந்து சேர்ந்துவிடும். ஆகவே சற்றுத் தூரம் போய், 1960களின் தொடக்கத்து அமெரிக்க உயர்நிலைப் பாடசாலைகளைப் பார்ப்போம். தூரம்தான் என்றாலும் நமக்கு நன்கு பழக்கமான துணியொன்று அங்கும் இருக்கிறது.

அக்காலத்து அமெரிக்க அரச பாடசாலைகளில் பொதுவாகச் சீருடை கிடையாது. ஆனால் உடுப்புச் சட்டங்கள் தாராளமாக இருந்தன. பெண்பிள்ளைகள் களிசான் அணிந்து வர முடியாது. பாவாடை நீளம் போதுமா என்று பார்க்க அவர்களை முழங்காலில் நிற்கவைத்து, விளிம்பு தரையைத் தொடுகிறதா என்று பரிசோதித்த பாடசாலைகளும் உண்டு. பெரியவர்கள் எழுதிய சட்டம் இது. பிள்ளைகள் எழுதாமலே வைத்திருந்த சட்டம் இதைவிடக் கடுமையானது. விளையாட்டில் சிறந்த பையனுக்குப் பாடசாலைப் பெயரின் முதலெழுத்துப் பொறித்த கம்பளி ஜாக்கெட் கிடைக்கும். அதை அவனுடைய தோழி போட்டுக்கொண்டு நடந்தால் இருவரும் சோடி என்று பொருள். அவனுடைய வகுப்பு மோதிரத்தையும் அவள் அணிவாள். விரலுக்குப் பெரிதென்றால் நூல் சுற்றியோ சங்கிலியில் கோத்தோ அணிவாள். யாருடைய மோதிரமும் இல்லாத கழுத்து என்ன சொல்லிற்று என்பதை விளக்கத் தேவையில்லை.

இனி அந்தத் துணிக்கு வருவோம். 1950களின் இறுதியிலிருந்து அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவரிடையேயும், பின்னர் உயர்நிலைப் பாடசாலைப் பையன்களிடையேயும் 'மெட்ராஸ்' எனப்பட்ட கட்டம் போட்ட கைத்தறிச் சட்டை பெரும் மோகமாயிற்று. தென்னிந்தியக் கரையில் நெய்து கடல் கடந்த கட்டத்துணிகளின் வம்சம் அது. பழவேற்காடு என்ற ஊர்ப்பெயர் திரிந்து 'பளையக்காட்' என்று நம் வாயில் நிற்கும் சாரனுக்கு நெருங்கிய உறவு. அந்தச் சட்டையைக் கழுவினால் சாயம் கரைந்து ஒரு நிறம் மற்ற நிறத்தில் ஊறும். முதலில் வாங்கியவர்கள் முறைப்பாடு செய்தார்கள். வியாபாரிகள் சளைக்கவில்லை. சாயம் போகும் என்பதற்கே உத்தரவாதம் தந்து விளம்பரம் செய்தார்கள். அதன்பின் சாயம் போகாத இயந்திர நெசவுதான் போலி எனப்பட்டது. வெளுத்த சட்டை, நெடுநாளாக உடையவன் என்பதற்குச் சாட்சியாயிற்று. நம் ஊரில் ஒரு சாரன் முதற் கழுவலிலேயே சாயம் விட்டால் அதை எடுத்துக்கொண்டு நேரே கடைக்குப் போய்ச் சண்டை பிடிப்போம். அதே குறை அங்கே கௌரவம். ஆக, மதிப்பு நூலிலும் இல்லை, சாயத்திலும் இல்லை; பார்க்கும் கண்களில் இருந்தது.

அந்தக் கண்கள் எவ்வளவு கொடியவை என்பதை ஒரு மாணவியே எழுதிவைத்தாள். ஒக்லஹோமா மாநிலத்தின் துல்சா நகரைச் சேர்ந்த எஸ். ஈ. ஹின்டன் பதினைந்து வயதில் எழுதத் தொடங்கிய நாவல் 'தி அவுட்சைடர்ஸ்', 1967இல் வெளிவந்தது. வசதியான வீட்டுப் பையன்கள் அதில் மெட்ராஸ் சட்டை அணிகிறார்கள். ஏழைப் பையன்கள் தலைமயிரை நீளமாக வளர்த்து எண்ணெய் தடவி வாருகிறார்கள். ஏழைகளுக்குப் பெருமைப்பட வேறொன்றும் இல்லாததால் தலைமயிரே அவர்களுடைய சொத்து. ஆசிரியையின் முழுப்பெயரை அட்டையில் போட்டால் விமர்சகர்கள் பெண்ணென்று கண்டு குறைத்து மதிப்பிடுவார்கள் என்று பதிப்பகத்தார் முதலெழுத்துகளை மட்டும் போட்டார்களாம். ஒரு பெயருக்கும் உடுப்புப் போட வேண்டியிருந்தது!

ஆனால் பிள்ளைகளை மட்டும் குற்றம் சொல்லி நாம் தப்ப முடியாது. ஜேம்ஸ் கோல்மன் என்ற சமூகவியலாளர் இலினோய் மாநிலத்தில் பத்து உயர்நிலைப் பாடசாலைகளை ஆராய்ந்து 1961இல் 'தி அடலசண்ட் சொசைற்றி' என்ற நூலை வெளியிட்டார். நீ எப்படி நினைவுகூரப்பட விரும்புகிறாய் என்று அவர் கேட்டபோது, கெட்டிக்கார மாணவன் என்பதைவிட விளையாட்டு வீரன் என்ற பெயரையே பையன்கள் அதிகம் விரும்பினர். பெண்பிள்ளைகளிடையே முன்னணிக் கூட்டத்தில் இடம்பெற நல்ல உடுப்பும் தோற்றமும் வேண்டியிருந்தன. இதில் வியப்பில்லை, பிள்ளைகளின் சபலம் என்று ஒதுக்கிவிடலாம். கோல்மன் ஒதுக்கவில்லை. வாசலில் கண்ணாடி அலுமாரி நிறைய விளையாட்டுக் கிண்ணங்களை வைத்தவர்கள் யார் என்று பார்த்தார். வீரன் வென்றால் பாடசாலையும் ஊரும் சேர்ந்து வெல்கின்றன. கெட்டிக்காரன் வென்றாலோ பக்கத்து மேசைக்காரன் தோற்கிறான். அப்படியிருக்க அவனை யார் தோளில் தூக்குவார்கள்? பெற்றோரும் படிப்புத்தான் பெரிது என்று வாயால் சொன்னார்கள். எதைக் கேட்டால் அவர்களுடைய முகம் மலர்கிறது என்பதோ பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தது.

இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் இந்தப் படம் பொய்யாகிவிடும். 1957 செப்டெம்பர் 4ஆம் திகதி, ஆர்க்கன்சோவின் லிற்றில் ரொக் நகரில், வெள்ளையர் மட்டுமே படித்த மத்திய உயர்நிலைப் பாடசாலைக்கு எலிசபெத் எக்ஃபோர்ட் என்ற பதினைந்து வயதுக் கறுப்பினச் சிறுமி தனியாக நடந்து போனாள். வீட்டிலே தைத்த புதிய வெள்ளை உடுப்பு. பாவாடையின் கீழ்ப்பகுதியில் கட்டம் போட்ட துணி. எந்தப் பாடசாலையின் எந்தச் சட்டத்துக்கும் பொருந்தும் உடுப்பு அது. ஆயுதம் தாங்கிய படையினர் வழி மறித்தார்கள். கூட்டம் பின்னால் கத்திக்கொண்டு வந்தது. நன்றாக உடுத்தால் மரியாதை வரும் என்று பிள்ளைகளுக்குப் போதிக்கும்போது நான் அந்தக் கட்டத்துணியை நினைத்துக்கொள்வதுண்டு.

நமது நாட்டில் சீருடை இருக்கிறதே, இந்தச் சிக்கல் நமக்கில்லை என்பார் சிலர். 1993இல் தொடங்கிய இலவசச் சீருடைத் திட்டம் எத்தனையோ ஏழைத் தாய்மாரின் பாரத்தைக் குறைத்தது. அதை நான் குறைவாகப் பேசமாட்டேன். ஆயினும் துணி ஒன்றானதும் கண்கள் சப்பாத்துக்கு இறங்கின. அங்கிருந்து புத்தகப் பைக்கும் கைக்கடிகாரத்துக்கும் போயின. சிறுவர் தினத்துக்கும் ஆசிரியர் தினத்துக்கும் 'கலர் உடுப்பு' அனுமதிக்கும் பாடசாலைகளில் அன்றைய வரவுப் பதிவேட்டைப் பார்த்தால் போதும். யார் யார் வரவில்லை என்பது எனக்கு முன்கூட்டியே தெரியும். மறுநாள் கொண்டுவரும் கடிதத்தில் வயிற்றுவலி, காய்ச்சல் என்றிருக்கும். பெருநாள் உடுப்பு ஒன்றை வைத்திருக்கும் பிள்ளை வருடா வருடம் அதையே போட்டுக்கொண்டு வரத் துணிந்தால் அது பெரிய வீரம்தான். ஆனால் ஒரு பாடசாலை தன் பிள்ளைகளிடம் கேட்க வேண்டிய வீரம் அதுவல்ல.

தடைசெய்வதால் இது தீரும் என்று நான் நம்பவில்லை. முழங்காலில் நிற்கவைத்தவர்கள் நீளத்தை அளந்தார்கள், மோதிரங்கள் கைமாறிக்கொண்டுதானிருந்தன. மற்றவர் கண்ணில் ஓர் ஆளாகத் தெரிய வேண்டும் என்பது நியாயமான பசி. அந்தப் பசிக்கு நாம் ஒரே ஒரு கடையைத் திறந்து வைத்துவிட்டு, அங்கே கூட்டம் கூடுகிறது என்று குறைப்படுகிறோம். பாடசாலைகளுக்கிடையில் விளையாட்டைப் போலவே அறிவுப் போட்டிகளையும் நடத்தலாம் என்று கோல்மன் யோசனை கூறினார். நல்லதே. ஆயினும் அதுவும் இன்னொரு ஜாக்கெட்டாக மாறிவிடக்கூடும் என்ற அச்சம் எனக்குண்டு. கிண்ணம் எதுவும் இல்லாமல், தினமும் தம்பியைக் கைபிடித்துக் கூட்டிவந்து முதலாம் வகுப்பில் விட்டுவிட்டுத் தன் வகுப்புக்குப் போகும் பிள்ளைக்கு எந்த அலுமாரியில் இடம்?

ஒக்டோபர் பிறக்குமுன் பாடசாலைகளில் கூட்டம் கூடுவார்கள். கலர் உடுப்பு வேண்டும் என்று மாணவத் தலைவர்கள் கேட்பார்கள். வேண்டாம் என்று நான் கை உயர்த்தப் போவதில்லை. அந்தக் கேள்வியைச் சற்று ஒத்திவைத்து, அன்று மேடைக்கு யார் யாரை அழைக்கப் போகிறோம் என்ற பெயர்ப்பட்டியலை முதலில் எடுக்கும்படிதான் அதிபரைக் கேட்பேன்.